ஒரே பரோட்டாவுக்கு ரெண்டு பேரு! - மலேசியா, சிங்கப்பூரில் 'இனம்' என்ற கட்டம் எதையெல்லாம் முடிவு பண்ணுது?

மலேசியாவின் ஜொகூர் பாருவில் காலையில் ஒரு மாமாக் கடைக்குப் போனால் அதற்குப் பெயர் 'ரொட்டி சானாய்'. கடற்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்குள் நுழைந்தால் அதே பண்டம் 'ரொட்டி பிராட்டா'. மாவு ஒண்ணு, வீசுற விதம் ஒண்ணு, தொட்டுக்கிற குழம்பும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் கொண்டுபோன பரோட்டா அது. நடுவில் இருப்பது சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் மட்டும்தான்.

1924-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் இன்று தினமும் சுமார் 3 லட்சம் பேர் போய் வருகிறார்கள். விடியறதுக்கு முன்னாடியே ஜொகூரிலிருந்து பைக்கில் கிளம்பி, சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். காரணம் சிம்பிள். ரெண்டு பக்கத் தமிழர்களும் தங்கள் பணத்தை 'வெள்ளி' என்றுதான் சொல்கிறார்கள். ஆனா, ஒரு சிங்கப்பூர் வெள்ளி இன்று சுமார் மூன்று மலேசிய வெள்ளி. 1973 வரைக்கும் ரெண்டும் சம மதிப்பில் இருந்தன என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

சரி, பணத்தை விடுங்க. ரெண்டு நாட்டிலும் இருப்பது அதே மலாய்க்காரர்கள், சீனர்கள், இந்தியர்கள். கோயிலும் மசூதியும் தேவாலயமும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கின்றன. பேச்சின் முடிவில் 'லா' போடும் பழக்கம்கூட ஒன்றுதான். அப்புறம் என்ன வித்தியாசம்?

ரெண்டு நாடும் தன் குடிமக்களை இனவாரியாக எண்ணுகின்றன. எண்ணி முடித்த பிறகு, அந்த எண்ணிக்கையை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பாதை பிரிகிறது. ஸ்கூல், வீடு, கல்யாணம், ஓட்டு என்று ஒருத்தர் எங்கே போனாலும் விண்ணப்பத்தில் இருக்கும் 'இனம்' என்ற அந்தச் சின்னக் கட்டமும் கூடவே வருது. எப்படின்னு ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

கட்டம் போட்டது யாரு?

பிரிட்டிஷ்காரர்கள். 1822-ல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு ஒரு நகரத் திட்டம் போட்டார். சீனர்களுக்கு ஒரு பகுதி, இந்தியர்களுக்குச் 'சூலியா கம்போங்', மலாய்க்காரர்களுக்கும் அரபிகளுக்கும் கம்போங் கிளாம் பக்கம் என்று இனவாரியாக இடம் பிரித்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் சைனா டவுனும் கம்போங் கிளாமும் அந்தத் திட்டத்தில் இடம்பெற்றவைதான்.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. 1891 கணக்கெடுப்பில் ஒரு பிரிவின் தலைப்பு 'தமிழர்களும் இந்தியாவின் இதர பூர்வகுடிகளும்'. பஞ்சாபி, வங்காளி, மலையாளி எல்லாரும் அந்த 'இதர'வுக்குள் அடக்கம். அதேபோல ஹொக்கியன், தியோச்சு, கேன்டனீஸ் என்று ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குப் புரியாத ஆட்கள் எல்லாம் 'சீனர்' ஆனார்கள். ஜாவா, பூகிஸ், மினாங்கபாவ் மக்கள் 'மலாய்க்காரரும் இதரரும்' ஆனார்கள். எண்ணுகிறவனின் வசதிக்குப் போட்ட தலைப்புகள் அவை. கூலிக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்கள், நாளடைவில் அந்தத் தலைப்பையே தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கட்டத்துக்குள் அடங்காதவர்கள் அப்பவும் இருந்தார்கள், இப்பவும் இருக்கிறார்கள். மலாக்காவில் 'செட்டி' சமூகம் என்று ஒன்று உண்டு. பல நூறு வருஷத்துக்கு முன்னால், மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வாரிசுகள். உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் பண்ணி அங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டில் பேசுவது மலாய். உடுத்துவது சாரோங், கெபாயா. சாப்பாடும் மலாய்ச் சாயல். ஆனா கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். இவங்க எந்தக் கட்டத்தில் வருவாங்க? இந்தக் கேள்வியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

23 மாதக் கூட்டுக் குடித்தனம்

1963 செப்டம்பர் 16-ல் மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் நான்கும் சேர்ந்து 'மலேசியா' பிறந்தது. ஆரம்பத்திலேயே ஒரு கணக்கு உறுத்தியது. சிங்கப்பூரில் சீனர்கள் பெரும்பான்மை. அவர்கள் சேர்ந்தால் மலாய்க்காரர்களின் அரசியல் பலம் குறையுமோ என்ற பயம் கோலாலம்பூருக்கு. மலாய்க்காரர்களுக்குச் சிறப்பு நிலை என்பதை நாடு முழுக்க ஏற்க முடியாது என்பது சிங்கப்பூரை ஆண்ட லீ குவான் யூவின் வாதம். எல்லா இனத்துக்கும் சம உரிமையுள்ள 'மலேசியர்களின் மலேசியா' வேண்டும் என்று அவர் கட்சி முழங்கியது.

1964 ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது சிங்கப்பூரில் மலாய் - சீனர் கலவரம் வெடித்தது. செப்டம்பரில் இன்னொன்று. இரண்டிலும் சேர்த்து 36 பேர் இறந்தார்கள். 1965 ஆகஸ்ட் 9-ல் சிங்கப்பூர் பிரிந்தது. அன்றைக்கு டிவி கேமரா முன்னால் லீ குவான் யூ கண்கலங்கிய காட்சி இன்றும் யூடியூபில் சுத்துது.

நாலு வருஷம் கழித்து மலேசியாவில் அதைவிடப் பெரிய அடி. 1969 மே 13, தேர்தல் முடிந்த சில நாளில் கோலாலம்பூரில் இனக் கலவரம். அரசுக் கணக்குப்படியே 196 பேர் பலி. நாடாளுமன்றம் முடக்கப்பட்டது.

இன்றைய ரெண்டு நாட்டின் கொள்கைகளுக்கும் விதை இந்த ரெண்டு கலவரங்கள்தான். 'மறுபடி ஒருமுறை இப்படி நடக்கவே கூடாது' என்று ரெண்டு பேருமே முடிவெடுத்தார்கள். எடுத்த வழிதான் வேறு வேறு.

மலேசியா சொன்னது: மலாய்க்காரர்கள் ஏழைகளாக இருப்பதுதான் பிரச்னையின் வேர், முதலில் அதைச் சரிசெய்வோம்.

சிங்கப்பூர் சொன்னது: எந்த இனத்துக்கும் சலுகை கிடையாது, ஆனால் யாரும் தனித்தனியாக ஒதுங்கவும் விடமாட்டோம்.

நம்ம ஊர் இட ஒதுக்கீடு மாதிரியா?

மலேசியாவைப் பற்றிப் பேசினாலே இந்தக் கேள்வி வரும். பாதி சரி, பாதி தப்பு.

மலேசிய அரசியல் சட்டத்தின் 153-வது பிரிவு, மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் 'சிறப்பு நிலை' தருகிறது. 1971-ல் வந்த 'புதிய பொருளாதாரக் கொள்கை' அதை வேகப்படுத்தியது. அப்போதைய நிலவரம் அப்படி. 1970-ல் நாட்டின் கம்பெனிப் பங்குகளில் பூமிபுத்ராக்கள் கையில் இருந்தது வெறும் 2.4%. தீபகற்ப மலேசியாவில் கிட்டத்தட்டப் பாதிக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன, அதில் பெரும்பாலானவை மலாய்க் குடும்பங்கள். அந்த 2.4 சதவிகிதத்தை 1990-க்குள் 30 ஆக்குவதுதான் இலக்கு. 'பூமிபுத்ரா' என்றால் மண்ணின் மைந்தர் என்று அர்த்தம்.

இந்த வரைக்கும் நம் ஊர் இட ஒதுக்கீடு போலத்தான் தெரியும். வித்தியாசம் இங்கே இருக்கு. மலேசியாவில் ஒதுக்கீடு பெறுகிறவர்களே அரசியலில் பெரும்பான்மை. 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களில் பூமிபுத்ராக்கள் 69.4%, சீனர்கள் 23.2%, இந்தியர்கள் 6.7%. இன்னொன்று, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பமும் அன்றைக்கு ஏழைதான். ஆனால் அந்தக் குடும்பம் கட்டத்துக்கு வெளியே நின்றது. 20 வருஷத்துக்கு என்று ஆரம்பித்த கொள்கை, 1990-க்குப் பிறகும் வேறு வேறு பெயர்களில் தொடர்கிறது.

அதனால் பலன் இல்லையா? நிச்சயமா உண்டு. ஒரு தலைமுறைக்குள் மலாய் டாக்டர்கள், இன்ஜினீயர்கள், நடுத்தர வர்க்கம் என்று பெரிய மாற்றம் நடந்தது. 1969 போல இன்னொரு கலவரம் வரவில்லை. இதைச் சொல்லாமல் விமர்சனம் மட்டும் செய்வது நியாயமில்லை.

இதில் இன்னொரு முரண் உண்டு. தீபகற்பத்தின் காடுகளில் எல்லாருக்கும் முன்பிருந்தே வாழும் 'ஓராங் அஸ்லி' பழங்குடிகளின் பெயர் 153-வது பிரிவில் இல்லை!

'மலாய்க்காரர்' யார்?

மலேசிய அரசியல் சட்டத்தின் 160-வது பிரிவு இதற்கு விடை சொல்கிறது. இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், வழக்கமாக மலாய் பேச வேண்டும், மலாய்ப் பழக்கவழக்கங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். கவனிச்சீங்களா? ரத்தம், தோல் நிறம் பற்றிப் பேச்சே இல்லை. இனம் என்று நாம் நினைப்பது அங்கே மதத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. அடையாள அட்டையான 'மைகார்டு'வில் முஸ்லிம்களுக்கு மட்டும் 'இஸ்லாம்' என்று அச்சிட்டிருக்கும்.

இப்போ மலாக்கா செட்டிகளிடம் திரும்பி வருவோம். மலாய் பேசுகிறார்கள், மலாய் உடை உடுத்துகிறார்கள், பல நூறு வருஷமாக அந்த மண்ணில் இருக்கிறார்கள். ஆனா சாமி மட்டும் வேறு. அதனால் சட்டப்படி 'மலாய்க்காரர்' ஆக முடியாது. தமிழே வீட்டில் பேசாதவர்கள், கணக்கில் 'இந்தியர்'.

சிங்கப்பூரில் இனம் அடையாள அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என நாலு பெட்டி. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சி.எம்.ஐ.ஓ.' என்பார்கள். 2020-ல் இதன் விகிதம் 74.3%, 13.5%, 9%, 3.2%. ரொம்ப காலமாக, அப்பா என்ன இனமோ அதுதான் குழந்தைக்கும். அம்மா சீனர், அப்பா தமிழர் என்றால் குழந்தை 'இந்தியர்'. கலப்புத் திருமணங்கள் கூடியதும் இது உதைக்க ஆரம்பித்தது. 2011-லிருந்து 'இந்தியர்-சீனர்' என்று இரட்டை இனமாகவும் பதியலாம். ஆனா அதுலயும் ஒரு ட்விஸ்ட். வீட்டு ஒதுக்கீடு மாதிரியான விஷயங்களில் முதலில் எழுதியிருக்கும் இனம்தான் கணக்கு!

வீடு: ஒரு பக்கம் கோட்டா, ஒரு பக்கம் தள்ளுபடி

சிங்கப்பூரில் ஏறக்குறைய 80% மக்கள் வசிப்பது அரசு கட்டிய அடுக்குமாடிகளில். 'வீவக வீடு' என்பது அங்கத் தமிழர்கள் வாயில் சரளமாக வரும் சொல். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்பதன் சுருக்கம். 1989-ல் இதில் ஓர் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒரு பிளாக்கில் இந்த இனத்தவர் இத்தனை சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உச்ச வரம்பு. சீனர்களுக்கு 87%, மலாய்க்காரர்களுக்கு 25%, இந்தியர்களும் மற்றவர்களும் சேர்ந்து 15%.

பலன் கண்ணெதிரே தெரியும். லிஃப்டில் சாம்பிராணி வாசனையும் ஊதுபத்தி வாசனையும் கலந்து வரும். கீழ்த்தளத்தில் இன்று மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் சீனர் வீட்டு இறுதிச்சடங்கு. ஒரே இனம் மட்டும் குடியிருக்கும் பேட்டை என்று எதுவும் உருவாகவில்லை.

விலையும் இருக்கிறது. ஒரு பிளாக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வையுங்கள். அங்கிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டை விற்கணும். சீனர்களுக்கு விற்க முடியாது. மக்கள்தொகையில் முக்கால்வாசிப் பேர் வாங்குவோர் பட்டியலிலிருந்து அவுட்! மீதமிருப்பவர்களில் ஆள் கிடைக்கும் வரை காத்திருக்கணும், இல்லைன்னா விலையைக் குறைக்கணும். சிறுபான்மையினர் ரொம்ப வருஷமாகச் சொல்லி வந்த குறை இது. 2022-ல் இப்படி மாட்டிக்கொண்டவர்களின் வீட்டை, சில நிபந்தனைகளோடு கழகமே வாங்கிக்கொள்ள வழி செய்யப்பட்டது. இனங்களைச் சேர்த்துவைக்கப் போட்ட விதியின் செலவைச் சிறிய இனம் அதிகமாகச் சுமந்தது என்பதை அரசும் ஒப்புக்கொண்ட மாதிரிதான் இது.

மலேசியாவில் கதை வேற. புதிய குடியிருப்புத் திட்டங்களில் குறிப்பிட்ட பங்கு வீடுகள் பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கப்படும். மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும், பொதுவாக 5 முதல் 15% வரை விலையில் தள்ளுபடியும் உண்டு. ஒரே கட்டடம், ஒரே மாடி, எதிரெதிர் வீடு, ஆனால் ரெண்டு விலை. கோடீஸ்வரப் பூமிபுத்ராவுக்கும் இந்தத் தள்ளுபடி உண்டு. பி40 என்று அங்கே சொல்லப்படும் கீழ்த்தட்டு வருமானப் பிரிவில் இருக்கும் சீன, இந்தியக் குடும்பத்துக்கு இல்லை. 'இனத்தைப் பார்க்காதீங்க, வருமானத்தைப் பாருங்க' என்ற குரல் எல்லா இனத்து இளைஞர்களிடமும் கேட்பது இதனால்தான்.

தமிழ்: சுவரில் ஓர் ஊர், வகுப்பில் ஓர் ஊர்

சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ரூபாய் நோட்டு மாதிரி அவர்கள் நோட்டிலும் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கும். நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம். ஏர்போர்ட்டில் தமிழ், ரயிலில் தமிழ். முதல்முறை போகும் நம் ஆட்களுக்குப் புல்லரிக்கும்.

ஆனா அங்கே தமிழ்வழிப் பள்ளி ஒன்றுகூடக் கிடையாது. கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-ல் மூடப்பட்டது. எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில், தமிழ் ஒரு பாடம் மட்டும். அந்தப் பாடம்கூட 'இந்தியர்' கட்டத்தைப் பார்த்து வருவது. விளைவு? வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 2010-ல் 32.3%, 2020-ல் 48.3%. தமிழ் 2020-ல் 2.5 சதவிகிதத்துக்கு இறங்கிவிட்டது. சுவரில் தமிழ் பளிச்சென்று இருக்கு. சாப்பாட்டு மேசையில் குறையுது.

மலேசியாவில் தமிழ் ஆட்சிமொழி இல்லை. அரசு அலுவலகப் பலகையில் பார்க்க முடியாது. ஆனால் 520-க்கும் மேற்பட்ட தமிழ் ஆரம்பப் பள்ளிகள் இயங்குகின்றன. கணிதமோ அறிவியலோ தமிழில் படித்து வளரும் பிள்ளைகள் இன்றும் உண்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வெளியே இந்த அளவுக்கு இது வேறெங்கும் இல்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசியல் சட்டத்துக்கு எதிரானவை என்று சிலர் வழக்குப் போட்டார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. தோட்டங்கள் மூடப்பட்டு மக்கள் நகரத்துக்கு வந்ததால், பல பள்ளிகளில் மாணவர்கள் குறைந்துகொண்டே போவது அவர்களின் அடுத்த கவலை.

லீவிலும் இதே கதைதான். தைப்பூசத்துக்குச் சிங்கப்பூரில் 1960-களின் கடைசி வரை பொது விடுமுறை இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். இப்போது காவடி எடுக்கும் பலர் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு வருகிறார்கள். மலேசியாவில் பினாங்கு, சிலாங்கூர், பேராக், ஜொகூர் எனப் பல மாநிலங்களில் விடுமுறை. கோலாலம்பூருக்கு அது கிடைத்தது 2008-ல். அதற்கு முந்தைய நவம்பரில், 2007-ல், 'ஹிண்ட்ராஃப்' அழைப்பில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் தலைநகர் வீதியில் இறங்கினார்கள், கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. சில வாரத்தில் விடுமுறை அறிவிப்பு வந்தது. அதன் பின் மார்ச்சில் நடந்த தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது.

காதல்னு வந்துட்டா?

சிங்கப்பூரில் ஒரு முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதவரும் மதம் மாறாமலேயே சிவில் முறையில் பதிவுத் திருமணம் செய்யலாம். குடும்பம் சம்மதிக்குமா என்பது தனிக் கதை. சட்டம் தடுக்காது.

மலேசியாவில் முஸ்லிம்களுக்கு சிவில் திருமணச் சட்டம் பொருந்தாது. எனவே முஸ்லிமைக் காதலிப்பவர் மதம் மாறியே ஆக வேண்டும். பிறகு அந்த உறவு முறிந்தாலும் மதத்திலிருந்து வெளியேறுவது மிகக் கடினம். பெற்றோரில் ஒருவர் மட்டும் மதம் மாறி, இன்னொருவருக்குத் தெரியாமல் குழந்தைகளையும் மாற்றிய வழக்குகள் பல குடும்பங்களைச் சிதைத்தன. ஓர் இந்துத் தாய் வருஷக்கணக்கில் போராடிய வழக்கில், 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையின் மதத்தை மாற்ற தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்றது. கட்டத்தில் என்ன எழுதுவது என்ற கேள்வி, ஒரு தாய்க்குப் பிள்ளை கூட இருக்குமா என்ற கேள்வியாக மாறியது இங்கேதான்.

ஓட்டுப் பெட்டிக்குள்ளும் கட்டம்

மலேசியாவில் கட்சிகளே இனவாரியாகப் பிறந்தவை. மலாய்க்காரர்களுக்கு அம்னோ, சீனர்களுக்கு ம.சீ.ச., இந்தியர்களுக்கு 1946-ல் தொடங்கிய ம.இ.கா. மூன்றும் கூட்டணி வைத்து, சுதந்திரத்திலிருந்து 2018 வரை ஆட்சியை விடவில்லை. இப்போது எல்லா இனத்தவரும் இருக்கும் கட்சிகள் வளர்ந்திருக்கின்றன. இருந்தும் பிரசாரத்தில் இனமும் மதமும் சுலபமாக எடுபடுகின்றன. பிரதமர் மலாய்க்காரராக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் இதுவரை வந்த எல்லாப் பிரதமர்களும் மலாய்க்காரர்களே.

சிங்கப்பூரில் இனக் கட்சி அரசியல் எடுபடுவதில்லை. ஆனால் இங்கேயும் கணக்கு உண்டு. 1988-ல் 'குழுத்தொகுதி' முறை வந்தது. பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்க வேண்டும், அதில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். 2017 அதிபர் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. ஹலிமா யாக்கோப் போட்டியின்றி அதிபரானார். அவருடைய அப்பா இந்திய முஸ்லிம், அம்மா மலாய்க்காரர். 'அப்போ இவர் மலாய்க்காரரா, இந்தியரா?' என்று சோஷியல் மீடியாவே பிரிந்து நின்றது. அதிகாரபூர்வக் குழு ஒன்று சான்று கொடுத்துதான் முடிந்தது.

2023-ல் ஒதுக்கீடு எதுவும் இல்லாத பொதுத் தேர்தலில் தர்மன் சண்முகரத்னம் 70.4% வாக்குகளோடு ஜெயித்தார். மக்கள் இனத்தைப் பார்க்காமல் ஓட்டுப் போட்டால் ஒதுக்கீடு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். ஒரு தேர்தலை வைத்து முடிவு செய்ய முடியாது என்றார்கள் வேறு சிலர். சிங்கப்பூரின் இதுவரையான நான்கு பிரதமர்களும் சீனர்கள் என்பதும் அந்த விவாதத்தில் வந்துபோனது.

கட்டத்துக்குள் அடங்காத சாப்பாடு

அரசாங்கம் பிரித்து எழுதியதை எல்லாம் தினசரி வாழ்க்கை கலக்கிக்கொண்டே இருக்கிறது. மலாயில் கடைக்குப் பெயர் 'கெடாய்', கப்பலுக்குக் 'கப்பல்', கட்டிலுக்குக் 'கட்டில்'. எல்லாம் நம்மிடமிருந்து போனவை. மலேசியாவில் சீனப் பையனும் மலாய்ப் பையனும் நண்பனை 'மச்சா' என்று கூப்பிடுவதைக் கேட்கலாம். சிங்கப்பூரின் தேசிய கீதம் மலாய் மொழியில் இருக்கிறது. முக்கால்வாசி சீனர்கள் வாழும் நாடு அது.

சாப்பாட்டுச் சண்டை ஜாலியானது. 2020-ல் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. 'எங்க சாப்பாட்டை நீங்க எப்படி...' என்று மலேசிய நெட்டிசன்கள் பொங்கினார்கள். 2024-ல் மலேசியாவின் காலை உணவுக் கலாசாரமும் பட்டியலில் ஏறியது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் என மூன்றும் அதில் உண்டு. அதே வருஷம் கெபாயா உடையை மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்தே பதிவு செய்தன. 'இது யாருடையது?' என்று அடித்துக்கொள்ளாமல் 'இது நம்ம எல்லாருடையது' என்று எழுதிய அபூர்வ விண்ணப்பம் அது.

எந்தப் பெட்டியிலும் இல்லாதவர்கள்

சிங்கப்பூரின் அந்த நாலு பெட்டி விகிதக் கணக்கில், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும்தான் உண்டு. கட்டடம் கட்டுகிற, கப்பல் பட்டறையில் வேலை செய்கிற தமிழ்நாட்டு, பங்களாதேஷ் தொழிலாளர்கள் அதில் வரமாட்டார்கள். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. சிங்கப்பூரரைக் கல்யாணம் செய்ய மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் கூட்டத்தைப் பார்த்து 'சிங்கப்பூரில் எவ்வளவு தமிழர்கள்!' என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அதில் பலர் அந்த ஊர்க் கணக்கிலேயே இல்லாதவர்கள் என்பதைக் கவனிப்பதில்லை.

உள்ளூரில் மூன்றாவது, நான்காவது தலைமுறையாக வாழும் தமிழருக்கோ வேறு சங்கடம். வாடகைக்கு வீடு தேடும்போது 'இந்தியர்களுக்குக் கிடையாது' என்ற பதில் ரெண்டு நாட்டிலும் வருவதுண்டு. அங்கேயே பிறந்து, ராணுவ சேவை முடித்தவரிடமும், 'நீங்க இந்தியாவுல எந்த ஊரு?' என்று கேட்பார்கள். ஒரே கட்டத்துக்குள் எல்லாரையும் போட்டதன் பக்கவிளைவு.

அப்போ எந்த ஊர் பெஸ்ட்?

இப்படிக் கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். பிள்ளையைத் தமிழில் படிக்கவைக்க ஆசைப்படும் அம்மாவுக்கு மலேசியா. யூனிவர்சிட்டி சீட்டுக்கு மார்க் மட்டும் பேசணும் என்று நினைக்கும் மாணவிக்குச் சிங்கப்பூர். முருகனுக்குக் காவடி எடுக்க லீவு வேண்டுமானால் பத்துமலை இருக்கும் ஊர். வேறு மதத்தவரைக் காதலித்தால் பாலத்துக்கு இந்தப் பக்கம். வீட்டை நல்ல விலைக்கு விற்கணும் என்றால் பிளாக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கணும்!

கலவர பயத்தில் போடப்பட்ட கட்டம் அரை நூற்றாண்டாக ரெண்டு நாட்டையும் அமைதியாக வைத்திருக்கிறது என்பது உண்மை. கலவரத்தைப் பார்த்த தாத்தாக்களுக்கு அது பாதுகாப்பு. அதைப் பார்க்காத, கலப்புத் திருமணத்தில் பிறந்த, மூன்று மொழி கலந்து பேசும் பேரன் பேத்திகளுக்கு அது இறுக்கமான சட்டை. அந்தச் சட்டையை எப்போது, எப்படிக் கழற்றுவது என்பதுதான் ரெண்டு நாடுகளிலும் இப்போது நடக்கும் பேச்சு. இன்னும் யாரும் தேதி குறிக்கவில்லை.

அடுத்த தடவை 'மலேசியா, சிங்கப்பூர்ல நம்மாளுங்க நல்லா இருக்காங்களா?' என்று யாராவது கேட்டால், 'எந்த நம்மாளு?' என்று கேளுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியரா, வீவக வீட்டில் பிறந்து ஆங்கிலம் மட்டும் பேசும் டீனேஜரா, மலாய் பேசும் மலாக்கா செட்டியா, தங்கும் விடுதியில் இருந்து அம்மாவுக்கு வீடியோ கால் பேசும் புதுக்கோட்டைக்காரரா? நாலு பேருக்கும் நாலு பதில்.